பதிவாகும் நோயாளியின் சொல்: ஒப்புதலும் அந்தரங்கமும்

மருத்துவர் அறையில் நோயாளி பேசுவதைப் பதிவு செய்ய யாருடைய அனுமதி வேண்டும், அந்த அனுமதியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துவதற்காக வீடியோ எடுப்பவர்களின் கவலையாக மட்டும் இருந்தது. இன்று நிலைமை வேறு. மேசைமேல் இருக்கும் கைபேசியோ டேப்லெட்டோ உரையாடலைக் கேட்டுத் தானாகவே மருத்துவக் குறிப்பை எழுதித் தருகிறது. அமெரிக்காவில் வடக்கு கலிஃபோர்னியாவின் பெர்மனென்டே மருத்துவக் குழு 2023 அக்டோபரில் இத்தகைய கருவியைச் சுமார் 10,000 பேருக்கு ஒரே வீச்சில் வழங்கியது. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளிலும் இவை வரத் தொடங்கிவிட்டன. இதோடு தொலைபேசி ஆலோசனை, காணொளி ஆலோசனை, சுவர் மூலையில் இருக்கும் சிசிடிவி, கூட வந்தவர் கையில் இருக்கும் செல்போன் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். சிகிச்சைக்குத் தந்த சம்மதம் பதிவுக்குத் தந்த சம்மதம் ஆகாது. தந்த சம்மதம் உண்மையானதா என்பதை அறிய வேண்டுமானால், ‘வேண்டாம்’ என்று சொன்ன நோயாளிக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

நோயாளியின் பேச்சு மற்றப் பேச்சுகளைப் போன்றதல்ல. குடிப்பழக்கம், கலைந்த கரு, பழைய காசநோய், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், திருமணத்துக்கு வெளியே ஏற்பட்ட உறவு ஆகியவற்றை உடன்பிறந்தவரிடம்கூடச் சொல்லாதவர், முன்பின் பார்த்திராத மருத்துவரிடம் சொல்கிறார். சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும் என்பதால் சொல்கிறார். இந்தச் சொல்லைக் காக்கும் கடமை ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகளிலும் இருக்கிறது. இதை மருத்துவரின் நாகரிகம் என்று மட்டும் பலர் எண்ணுகிறார்கள். நோயைக் கண்டறியும் கருவிகளில் இதுவும் ஒன்று என்பதே என் எண்ணம். வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர் பாதியை மறைப்பார். மறைத்த பாதியில்தான் நோய் இருக்கும். நம் சட்டமியற்றுபவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும், அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தமும் ரகசியத்தைத் தனிப் பிரிவுகளால் காக்கின்றன. மனநலச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவர் புகைப்படத்தை ஊடகத்துக்குத் தரக்கூடாது என்றே சொல்கிறது. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த நோயாளிகள் மருத்துவமனை வாசலையே மிதிக்க மாட்டார்கள் என்பதுதான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

மருத்துவர் எப்போதும் குறிப்பு எழுதித்தானே வந்திருக்கிறார், பதிவு செய்வதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருத்துவர் எழுதும் குறிப்பு ஒரு சல்லடை. நோயாளி கால் மணி நேரம் பேசியதில் ‘பத்து ஆண்டுகளாக மது, தூக்கமின்மை, பசியில்லை’ என்ற அளவே தாளில் தங்கும். ஒலிப்பதிவில் எதுவும் வடிகட்டப்படுவதில்லை. குரல் உடைந்த இடம், சொல்லத் தயங்கிய இடைவெளி, கடன் கொடுத்தவரின் பெயர், மருமகளைப் பற்றி மாமியார் சொன்ன ஒரு வார்த்தை என எல்லாம் அப்படியே இருக்கும். பேசியவர் பெயரை அழித்துவிட்டாலும் குரலை வைத்து அவரை அடையாளம் காண முடியும். அந்த அறையிலேயே இல்லாத மூன்றாம் மனிதர்களின் வாழ்க்கையும் அதற்குள் வந்துவிடுகிறது. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது. குறிப்பு கசிந்தால் ஒரு நோயின் பெயர் கசியும். பதிவு கசிந்தால் ஒரு குடும்பமே வெளியே வந்து நிற்கும்.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு ஸ்வீடன் சான்று. அந்நாட்டில் 1177 என்ற எண்ணை அழைத்தால் செவிலியர் ஒருவர் மருத்துவ ஆலோசனை சொல்வார். சில மாகாணங்களில் அந்தப் பணியை மெட்ஹெல்ப் என்ற நிறுவனம் ஏற்றிருந்தது. அழைப்புகளில் ஒரு பகுதியைத் தாய்லாந்தில் இயங்கிய மற்றொரு நிறுவனம் ஏற்றது. பதிவுகளைச் சேமித்தது வேறொரு தொழில்நுட்ப நிறுவனம். 2019 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் ஸ்வீடன் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 2013 முதல் பதிவான சுமார் 27 லட்சம் அழைப்புகள், 1,70,000 மணி நேரப் பேச்சு, கடவுச்சொல்கூட இல்லாத ஒரு சர்வரில் இணையத்தில் திறந்து கிடந்தன. முகவரி தெரிந்த எவரும் எடுத்துக் கேட்டிருக்கலாம். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதறிய தாயும், தன் உடலின் மறைவான இடத்தில் தோன்றிய புண்ணைப் பற்றிக் கூச்சத்தோடு பேசியவரும் யாரிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார்களோ, அவரோடு அந்தப் பேச்சு நிற்கவில்லை. 2021-இல் ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்ஹெல்ப்புக்கு 1 கோடியே 20 லட்சம் குரோனார் அபராதம் விதித்தது. அந்த முடிவில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி வேறு. சேவையை ஒப்பந்தத்துக்கு விட்ட மாகாண நிர்வாகங்களும் தண்டனைக்கு உள்ளாயின. அழைத்தவர்களுக்குத் தங்கள் தகவல் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை முறையாகத் தெரிவிக்கவில்லை என்பதே அவற்றின் மீதான குறை. பூட்டாத கதவு ஒரு தவறு. அப்படி ஒரு கதவு இருப்பதையே நோயாளிக்குச் சொல்லாதது அதற்கும் முந்திய தவறு. நோயாளி பேசிய இடத்துக்கும் அவர் பேச்சு போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவே மூன்று நிறுவனங்களும் இரண்டு நாடுகளும் இருந்தன. இன்றைய குறிப்பெழுதும் கருவிகளின் பின்னால் இருக்கும் சங்கிலி இதைவிடக் குட்டையானது என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்வீடனின் பக்கத்து நாடான பின்லாந்தில் குரல் பதிவு இல்லாமலே இதைவிடக் கொடிய ஒன்று நடந்தது. வாஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை மையத்தின் சுமார் 33,000 நோயாளிகளின் குறிப்புகள் திருடப்பட்டன. திருடியவன் நிறுவனத்தை மிரட்டியதோடு நிற்கவில்லை. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் நீ ஆலோசகரிடம் சொன்னதை வெளியிடுவேன் என்றான். 20,000-க்கும் மேற்பட்டோர் காவல்துறையில் புகார் தந்தார்கள். நிறுவனம் திவாலானது. 2024-இல் குற்றவாளிக்கு 6 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எழுத்துக் குறிப்புகளே இவ்வளவு செய்யுமென்றால், குரலோடும் முகத்தோடும் கசிவது என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விற்பனைக்கு வந்தன. சிசிடிவி வலையமைப்புக்குள் வெளியாட்கள் நுழைந்திருந்தார்கள். இந்தச் செய்தி வந்தபோது எல்லோரும் ஹேக்கர்களைப் பற்றியும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களைப் பற்றியும் பேசினார்கள். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. பெண்களைப் பரிசோதிக்கும் அறையில் கேமரா எதற்கு? அந்தப் பெண்களில் யாரிடமாவது, இங்கே கேமரா ஓடுகிறது, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தால், அந்தக் கேமரா அங்கே ஒரு நாள்கூட நீடித்திருக்காது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தைச் சிகிச்சைக்கு நீட்ட முடியாது, சுயநினைவு திரும்பித் தானே முடிவெடுக்கக்கூடியவருக்காக இன்னொருவர் சம்மதிக்கவும் முடியாது என்று நீதிமன்றம் கூறியது. உடலைப் பற்றிய இந்த நெறியைச் சொல்லுக்கும் பொருத்துவதில் எந்த முரணும் இல்லை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்த பிறகு அதற்கு வலுவும் கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், நோயாளியே ஆலோசனையைத் தொடங்கினால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளலாம் என்கிறது. ஆலோசனைக்கு அது போதும். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் பதிவு ஓடுகிறதா என்பது தெரியாத ஒருவர் அழைப்பு பொத்தானை அழுத்தியதைப் பதிவுக்கும் தந்த சம்மதமாக எடுத்துக்கொள்வது, மேலே சொன்ன தாயின் கையெழுத்தைவிட மோசமான நீட்சி. 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை ஏறக்குறைய நேரடியாகவே தொடுகிறது. சம்மதத்தை விளக்க அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டே ஒரு தொலைமருத்துவ செயலிதான். அந்தச் செயலி, சிகிச்சைத் தகவலோடு கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனாளர் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிட்டாலும், சிகிச்சைக்குத் தேவையில்லாத தொடர்பு எண்களுக்கு அந்தச் சம்மதம் செல்லாது. சம்மதக் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்பதும், தந்த அதே எளிமையோடு திரும்பப் பெற முடிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2011-இன் விதிகள் மருத்துவ விவரத்தைத் தனிக் கவனம் வேண்டிய தரவாக வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. ஒருவரது கைபேசி எண்ணும் அவர் மனநல மருத்துவரிடம் அழுத குரலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது பின்னடைவு என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும், சம்மதம் வாங்கப்படுவது பதிவுக் கவுன்ட்டரில். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டி, விரல் வைத்துக் காட்டி, ‘இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்பவர், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கும்போது, நான்காம் பத்தியில் என்ன இருக்கிறது என்று கேட்பாரா? கேட்டால் சீட்டு கிடைக்காமல் போகுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். நாங்கள் கேட்டோம், யாருமே மறுக்கவில்லை என்று நிர்வாகங்கள் சொல்லும்போது, அது நோயாளிகளின் விருப்பத்தைக் காட்டுவதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் கிடைக்கும் நூற்றுக்கு நூறு சம்மதம் அந்த இடத்தின் அமைப்பைத்தான் காட்டுகிறது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 2025 நவம்பரில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு இந்தப் போக்கு எங்கே போய் முடியும் என்பதைக் காட்டுகிறது. தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய அதில் பங்கேற்கும் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்று சட்டம் சொல்லும் மாநிலம் அது. தன் சந்திப்பு தனக்குத் தெரியாமல் பதிவு செய்யப்பட்டதாகவும், பின்னர் தன் மருத்துவக் குறிப்பைப் பார்த்தபோது தான் சம்மதித்ததாக அதில் ஒரு வரி இருந்ததாகவும் நோயாளி ஒருவர் குற்றம் சாட்டுகிறார். இது குற்றச்சாட்டுதான். ஆனால் அப்படி நடப்பதற்கான வழி திறந்தே இருக்கிறது. பதிவு செய்யும் கருவியே சம்மத வாசகத்தையும் நிரப்பித் தரும் என்றால், நோயாளி வாய் திறக்காமலே சம்மதம் கோப்பில் ஏறிவிடும்.

இப்போது மருத்துவர்கள் தரப்பிலிருந்து எழும் மறுப்புக்கு வருகிறேன். இது நியாயமான மறுப்பு. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் அது யாருக்கும் நல்லதல்ல. கருவி எழுதிக்கொள்ளட்டும், நான் நோயாளியைக் கவனிக்கிறேன் என்று அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். கருவியே கூடாது என்பது என் வாதமில்லை. அதன் பிழைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறேன். விஸ்பர் என்ற பேச்சு-எழுத்து மாற்றியை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சுமார் 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத முழுத் தொடர்களை அது தானாக எழுதியிருப்பதைக் கண்டது. அப்படி எழுதியவற்றில் 38 விழுக்காடு தீங்கு விளைவிக்கக்கூடியவை. மூளைப் பாதிப்பால் பேச்சுத் திணறுபவர்களிடம் இந்தப் பிழை சற்று அதிகம்; பேச்சுக்கு நடுவே விழும் நீண்ட மௌனங்களை அது சொற்களால் நிரப்பிவிடுகிறது. தயங்கித் தயங்கிப் பேசும் முதியவர்களும், நெல்லை வழக்கும் ஆங்கில மருந்துப் பெயர்களும் கலந்து பேசுகிறவர்களும் நிறைந்த ஓ.பி.யில் இதை எளிதாக விட்டுவிட முடியாது. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. விஸ்பரைக் கொண்டு நாப்லா என்ற நிறுவனம் செய்த மருத்துவக் கருவி, தரவுப் பாதுகாப்புக்காக மூல ஒலியை அழித்துவிடுகிறது என்று 2024 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. ஒலியை வைத்திருந்தால் கசியும். அழித்தால் குறிப்பில் உள்ள பிழையைச் சரிபார்க்க ஆதாரம் இல்லை. இந்த இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு இருக்க வேண்டும். குறைந்தபட்சம், எழுதிய குறிப்பை அறையை விட்டுப் போகும் முன் தமிழில் படித்துக் காட்டிவிட்டு ஒலியை அழிக்கலாம். ஆவணம் கேட்ட நோயாளிக்கு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. கேட்காதவருக்கும் உடனே காட்டுவது அதன் அடுத்த படி.

நம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவரின் மேசையைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள், ஒருவர் சொல்வதை ஐந்து பேர் கேட்கிறார்கள், அங்கே ஏது அந்தரங்கம், இதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை என்று சிலர் சொல்வதுண்டு. முதலாவது, அந்த நெரிசல் ஒரு குறை. ஒரு குறையைக் காரணம் காட்டி இன்னொன்றை ஏற்றிவைக்க முடியாது. இரண்டாவது, பக்கத்தில் நின்று கேட்டவர் தன் வலியோடு வந்தவர். அரைகுறையாகக் கேட்பார், வீடு போவதற்குள் மறப்பார். பதிவு மறக்காது, தேடினால் கிடைக்கும், நகலெடுக்கலாம், விற்கலாம், பத்தாண்டு கழித்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மேசையிலோ பெண் பார்க்க வந்தவர் கையிலோ போய்ச் சேரலாம். மூன்றாவது, அந்த நெரிசலிலும் நம் மக்கள் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குரலைத் தாழ்த்துகிறார்கள், கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார்கள், கூட வந்தவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டுப் பேசுகிறார்கள். ஏழைக்கு அந்தரங்கம் பொருட்டில்லை என்பவர்கள் இதைக் கவனித்ததில்லை.

மருத்துவர்களின் பாதுகாப்புக்காகப் பதிவு வேண்டும் என்ற வாதத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு இந்தக் கோரிக்கை வலுத்தது. வாசலிலும் தாழ்வாரத்திலும் காத்திருப்புக் கூடத்திலும் கேமரா இருக்கட்டும், அறிவிப்புப் பலகையோடு. பரிசோதனைப் படுக்கையை நோக்கிய கேமரா எந்தத் தாக்குதலையும் தடுக்கப் போவதில்லை. அதற்கு ஆள் காவலும் கூட்டக் கட்டுப்பாடும் வேண்டும்.

நோயாளியே பதிவு செய்தால்? ‘செல்போனில் பதிவு செய்யாதீர்’ என்ற பலகை பல மருத்துவமனைகளில் தொங்குகிறது. அது தேவையற்றது என்பேன். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று 2003-இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட பின் அடுத்த அரை மணி நேரம் காதில் எதுவும் ஏறாது. அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துப்போய் மகளோடு உட்கார்ந்து மறுபடி கேட்பது அவருக்கு மருந்து. சொன்ன ரகசியம் அவருடையது. அதை வைத்துக்கொள்ளும் உரிமையும் அவருடையது. மருத்துவருக்குத் தெரியும்படி செய்வது மரியாதை, மருத்துவர் அனுமதிப்பது கடமை. பொதுவெளியில் போடுவது வேறு செயல். அதற்கு மருத்துவரின் சம்மதமும் வேண்டும். ஆனால் நம் நாட்டில் போன் பெரும்பாலும் நோயாளி கையில் இல்லை. மகன் பிடித்திருக்கிறார், கணவர் பிடித்திருக்கிறார், மாமியார் பக்கத்தில் நிற்கிறார். அன்று மாலையே அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். கருத்தரிக்காதது யாருடைய குறை என்ற பேச்சு அப்படிப் போனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே கலையும். மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் போட்ட கையெழுத்தை ஏற்காத நீதிமன்றத்தின் தர்க்கமே இங்கும் பொருந்தும். கூட வந்தவரை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லி, ‘அம்மா, இவர் பதிவு செய்றதுல உங்களுக்குச் சம்மதமா?’ என்று மருத்துவர் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆக, சம்மதத்தைக் கவுன்ட்டரிலிருந்து மருத்துவர் அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை. கேட்பவர் மருத்துவராக இருக்க வேண்டும், கேட்கும் மொழி நோயாளியின் மொழியாக இருக்க வேண்டும். சிகிச்சைப் படிவத்தோடு ஒட்டாமல் தனியாகக் கேட்க வேண்டும். பதிவு எங்கே போகும், எப்போது அழியும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாத நிறுவனத்தின் கருவியை மருத்துவமனை வாங்கவே கூடாது. அந்தக் குரலை வைத்து நிறுவனம் தன் கருவியைப் பழக்கிக்கொள்வதற்கு வேறொரு அனுமதி வேண்டும்; அதை நோயாளி நிம்மதியாக இருக்கும் இன்னொரு நாளில் கேட்கலாம். பேச்சின் நடுவே இதை மட்டும் பதிவு செய்யாதீர்கள் என்று நோயாளி சொன்னால் உடனே அணைக்க வேண்டும். மறுத்தவருக்கும் அதே வரிசை, அதே நேரம், அதே மருத்துவர்.

தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால் அவை 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. அபராதத்துக்கு அஞ்சி நிர்வாகங்கள் இன்னும் நீளமான படிவங்களை அச்சடிக்கும் என்பதே என் கவலை. இங்கே இருக்கும் மருத்துவர்களிடம் அதனால்தான் இதைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைய ஓ.பி.யில் கருவியைத் தொடுவதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்த்து, ‘இது நாம பேசுறதைப் பதிவு செய்யும். வேண்டாம்னா சொல்லுங்க, அணைச்சிட்டுக் கையால எழுதிக்கிறேன்’ என்று சொல்லுங்கள்; அவர் வேண்டாம் என்றால் கையால் எழுதுங்கள்.